மச்சானுக்குத் தொண்ணூற்றெட்டு

"உங்க அப்பா ஒரு மாத்திரையை நிறுத்தியிருக்கார். ஏன் நிறுத்தினார்?"

படம் எடுக்கும் அறையின் வாசலில் நின்று டாக்டர் என்னிடம் இப்படிக் கேட்டார். அம்மா அவசரமாகக் கைப்பையைத் திறந்து, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருந்த காலி மாத்திரை அட்டைகளை எடுத்து நீட்டினாள்.

"நிறுத்தவே இல்லை டாக்டர். ஒரு நாள்கூட விடலை. நீங்களே எண்ணிப் பாருங்க."

டாக்டர் அட்டைகளைப் புரட்டிப் பார்த்தார். "அட்டை காலியாத்தான் இருக்கு. ஆனா மாத்திரை அவர் வயித்துக்குள்ள போகலை. ரத்தத்தையும் சோதிச்சுப் பார்த்தாச்சு. வீட்டுல யார்கிட்டயாவது சொல்லியிருப்பாரே?"

அப்பா யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் விஷயம் வெளியே வந்துவிட்டது. அதைச் சொல்ல வேண்டுமானால் அப்பாவின் தொழிலையும், மாமாவின் தொழிலையும், இரண்டு பேருடைய ரத்தக் குழாய்களையும் பற்றி நான் சொல்லியாக வேண்டும்.

அப்பா பூச்சு வேலை செய்கிறவர். செங்கல் அடுக்கிய சுவரின் மேல் சிமெண்டுக் கலவையைக் கரணையால் பூசி, தேய்த்து, வழவழவென்று ஆக்குவது அவருடைய வேலை. முப்பது வருடமாக அதைத்தான் செய்கிறார். வேலை செய்யும் இடங்களில் அவருக்கு 'ரசமட்டம்' என்று பெயர். நடுவில் காற்றுக் குமிழி ஓடும் அந்தச் சின்னக் கருவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிவார். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்னால் உள்ளங்கையால் சுவரைத் தடவிப் பார்ப்பார். மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள், கண் விழித்ததும் அவர் சொன்ன முதல் வாக்கியம், "எதிர்ச் சுவர் வயிறு தள்ளியிருக்கு, எவன் பூசினான்?"

மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், பெயிண்டர். அப்பா பூசி முடித்த சுவரில்தான் பெரும்பாலும் அவருக்கு வேலை. முதலில் மேடுபள்ளம் மறையப் பட்டி பூசித் தேய்ப்பார், பிறகு வர்ணம் அடிப்பார். அங்கேதான் வினை.

வீட்டுக்காரர்கள் சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே வந்து, அண்ணாந்து பார்த்து, "கலர் பிரமாதமா இருக்கு" என்பார்கள். ஒருத்தர்கூட, "பூச்சு பிரமாதம்" என்று சொன்னதில்லை.

"நான் ஒரு மாசம் பூசுறேன். இவன் ஒரு வாரத்துல மூடிட்டு மாலை வாங்கிட்டுப் போறான்" என்று அப்பா சாப்பிடும்போது புலம்புவார்.

"மாப்ள, எலும்பை யாராவது அழகா இருக்குன்னு சொல்வாங்களா? மூஞ்சியைத்தானே சொல்வாங்க?" என்பார் மாமா.

"உன் மூஞ்சிக்கு அரை இஞ்சு பட்டி தேவைப்படுது மச்சான்."

"உன் சுவரை நேராக்கி நேராக்கியே எனக்குத் தோள்பட்டை இறங்கிடுச்சு."

கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அப்பாவுக்கு அது முழுக்க விளையாட்டு இல்லை. மாமாவின் தலைமுடி இன்னும் கறுப்பாக இருப்பது அப்பாவை உறுத்தும். மாமாவுக்குக் கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்க முடிவது உறுத்தும். அம்மா டீ ஆற்றும்போது முதல் டம்ளர் யார் கைக்குப் போகிறது என்று கவனிப்பார். மாமாவுக்குப் போனால் அன்றைக்கு டீயில் சர்க்கரை குறைவு என்பார்.

நெஞ்சுவலியும் முதலில் மாமாவுக்குத்தான் வந்தது. ஏணியில் நின்று கூரைக்கு ரோலர் ஓட்டிக்கொண்டிருந்தவர், கை வலிக்கிறது என்று இறங்கி உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்க முடியவில்லை. நல்லவேளை, உடனே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். அப்பா பார்க்கப் போய், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவருக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். திரும்பி வரும் வழியில் என்னிடம், "பார்த்தியா பாப்பா, மூணு நாள்ல எத்தனை பேரு வந்து பார்த்திருக்காங்க!" என்றார்.

மூன்று வாரம் கழித்து அதே ஆஸ்பத்திரியில் அப்பாவே படுத்திருந்தார். அதே டாக்டர். அடைத்திருந்ததும் இதயத்தின் முன்பக்கம் இறங்கும் அதே குழாய்தான். மாமாவுக்குத் தொண்ணூறு சதவீத அடைப்பு, அப்பாவுக்குத் தொண்ணூற்றைந்து. "எனக்கு அஞ்சு கூட" என்று அப்பா பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அந்த ஒரு கணக்கில் அவர் ஜெயித்திருந்தார்.

இரண்டு பேருக்கும் ஸ்டென்ட் வைத்தார்கள். பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கைவிட மெல்லிய கம்பி வலை அது. அடைப்பை விரித்துவிட்டு, மறுபடி சுருங்காமல் இருக்கக் குழாய்க்குள்ளே நிறுத்திவிடுவார்கள். டாக்டர் தாளில் வரைந்து காட்டியதும் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது.

"தூணும் செங்கலும் சேருற இடத்துல வெடிப்பு வராம இருக்க நாங்க கம்பி வலை அடிப்போமே, அது மாதிரி."

"அதேதான்" என்றார் டாக்டர். "நீங்க வலை மேல பூசுவீங்க. இங்க உங்க ரத்தக் குழாயே தன்னால வலை மேல ஒரு தோலை வளர்த்து மூடிக்கும்."

"தன்னாலயா? ஆள் வேண்டாமா?"

"வேண்டாம். ஆனா அவசரப்பட்டு மொத்தமா வளர்ந்துட்டா குழாய் திரும்ப அடைச்சிடும். அதனால கம்பி மேல ஒரு மருந்து தடவியிருக்கும். அது வளர்ச்சியை மெதுவாக்கும். மெதுவா மூடுறதால கொஞ்ச மாசத்துக்கு அங்கங்க கம்பி வெறுமனே தெரியும். வெறும் கம்பியைப் பார்த்தா ரத்தம் அதுமேல உறைஞ்சு கட்டியாயிடும். கட்டி அடைச்சா திரும்ப மாரடைப்புதான். அப்படி ஆகாம இருக்கத்தான் இந்த ரெண்டு மாத்திரை. வெள்ளை ஒண்ணு, ரோஸ் ஒண்ணு. கம்பி மூடுற வரைக்கும் ரெண்டுமே உங்க உயிர்னு நினைச்சுக்கோங்க."

அந்த ஆஸ்பத்திரியில் அப்போது ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. இரண்டு வகைக் கம்பி வலைகளில் எதற்குள் குழாய் நன்றாக ஆறுகிறது என்று பார்க்கிறார்கள். யாருக்கு எந்த வகை என்று நோயாளிக்குச் சொல்ல மாட்டார்கள். ஆறு மாதம் கழித்து வந்து உள்ளே படம் எடுத்துக்கொள்ளச் சம்மதம் என்றால் கையெழுத்துப் போட வேண்டும். மாமா முன்பே போட்டிருந்தார். அது தெரிந்ததும் அப்பாவும் போட்டார்.

ஆறு மாதம் கழித்து இரண்டு பேரும் ஒரே நாளில் படத்துக்குப் போனார்கள். அந்தப் படத்தை வெளிச்சத்தால் எடுக்கிறார்கள். மணிக்கட்டு வழியாக ஒரு மெல்லிய குழலை இதயம் வரை அனுப்பி, அதற்குள் நுனியில் ஒளி வீசும் இழை ஒன்றைச் செலுத்துகிறார்கள். ஒரு திரவத்தைப் பாய்ச்சி ரத்தத்தைச் சில நொடி விலக்கி, அந்த இடைவெளியில் இழையைப் பின்னால் இழுக்கிறார்கள். இழுக்க இழுக்க, குழாயை வட்ட வட்டமாக நறுக்கிப் பார்த்ததுபோலத் திரையில் நூற்றுக்கணக்கான படங்கள் விழுகின்றன.

அந்தப் படங்களை எண்ணுகிற அக்காவுக்கு நாங்கள் வைத்த பெயர் 'படக்காரக்கா'. அடுத்த வாரம் முடிவு வாங்கப் போனபோது, நான் கதவருகே நின்று எட்டிப் பார்ப்பதைக் கண்டு உள்ளே கூப்பிட்டார். பள்ளி முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல், ஓரிடத்தில் கால் நிற்காமல் இருந்த நாட்கள் அவை. திரையில் செம்மண் நிறத்தில் ஒரு வளையம் இருந்தது. அதன் உள்விளிம்பில் எட்டுப் பத்துப் பிரகாசமான புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கம்பியின் குறுக்குவெட்டு. அதற்குப் பின்னால் கம்பியின் நிழல்.

"புள்ளிக்கு மேல மெல்லிசா ஒரு தோல் தெரியுதா? அப்ப மூடிடுச்சுன்னு அர்த்தம். இதோ இதுக்கு மேல ஒண்ணுமே இல்லை. இது வெறும் கம்பி" என்றார். அப்படி ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு புள்ளியையும் பார்த்து, மூடியது, மூடாதது என்று குறிக்க வேண்டும்.

"கண்ணு வலிக்காதாக்கா?"

"வலிக்கும். ஒரு ஆள் படத்துக்கு ரெண்டு டீ ஆகும்."

அப்பாவுக்கு எண்பத்தொன்று. நூறு கம்பிப் புள்ளியில் எண்பத்தொன்று மூடியிருந்தது, பத்தொன்பது வெறுமனே இருந்தது. படக்காரக்கா அடுத்தவர் முடிவைச் சொல்ல மாட்டார். சொல்ல வேண்டிய தேவையும் வரவில்லை. மாமா கையில் தாளோடு வராந்தாவில் ஏறக்குறைய ஓடியே வந்தார்.

"மாப்ள! தொண்ணூத்தெட்டு! பள்ளிக்கூடத்துல எல்லாப் பாடத்தையும் கூட்டினாகூட எனக்கு இவ்வளவு வந்ததில்லை!"

அப்பா தன் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு படக்காரக்காவின் கதவுக்குத் திரும்பிப் போனார்.

"ஏம்மா, இன்னொரு தடவை எண்ணிப் பாருங்களேன்."

"ரெண்டு பேரு தனித்தனியா எண்ணியாச்சுங்க."

அப்பா என் பக்கம் திரும்பி, "மறுகூட்டலுக்குப் போடலாமா பாப்பா?" என்றார். அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை.

டாக்டர் அறையில் இன்னும் மோசம். மாமாவுக்கு மாத்திரைகளால் ஈறில் அடிக்கடி ரத்தம் கசிந்தது. கம்பியும் மூடிவிட்டதால் ரோஸ் மாத்திரையை நிறுத்திக்கொள்ளச் சொன்னார் டாக்டர். அப்பா இரண்டையும் தொடர வேண்டும், மூன்று மாதம் கழித்து மறுபடி படத்துக்கு வர வேண்டும்.

"ஏன் டாக்டர் எனக்கு மட்டும் ஆறலை?"

"ஆறிட்டுதான் இருக்கு. ஒவ்வொரு உடம்புக்கு ஒரு வேகம். அதுல உங்க தப்பு எதுவும் இல்லை."

"அவனுக்கு நல்ல கம்பி, எனக்கு மட்டக் கம்பியோ?"

"ரெண்டும் நல்ல கம்பிதான். இன்னொண்ணு, தோல் கனமா வளர்ந்தா நல்லதுன்னு நினைக்காதீங்க. பெயிண்டு அடிச்ச மாதிரி மெல்லிசா மூடினா போதும்."

டாக்டர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால் அந்த உவமையை மாமா காதில் விழும்படி சொல்லியிருக்கக் கூடாது. வீடு வந்து சேரும்வரை மாமா விடவில்லை. "கேட்டியா மாப்ள? உள்ள நடக்கிறது பூச்சு வேலை இல்லையாம். பெயிண்டு வேலையாம். அதான் எனக்குச் சட்டுனு முடிஞ்சிருக்கு. உடம்பே தொழில் பழகியிருக்கு!"

அதன் பிறகு ஒரு வாரம் அப்பா சரியாகப் பேசவில்லை. மாமா தன் படத்தைக் கைப்பேசியில் பிடித்து வைத்துக்கொண்டு டீக்கடையில் எல்லோருக்கும் காட்டினார். யாரோ ஒருவர், "ரசமட்டம், உன் படம் எங்கே?" என்று கேட்டுவிட்டார். அப்பா பாதி டீயை வைத்துவிட்டு வந்துவிட்டார். மாமா வீட்டுக்கு வந்தால் அப்பா, "ஒரு மாத்திரைக்காரரு வந்துட்டார்" என்பார். காலையில் தன் உள்ளங்கையில் வெள்ளையையும் ரோஸையும் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்ப்பார்.

திடீரென்று ஒரு நாள் அந்த முகம் மாறிவிட்டது. வேலைக்குப் போகும்போது ஏதோ பாட்டு. மாமாவின் கிண்டலுக்கும் வெறும் சிரிப்பு. "மூணு மாசம் போகட்டும் மச்சான். பார்த்துக்கலாம்" என்பார். பொறாமை தீர்ந்துவிட்டது என்று அம்மாவும் நானும் நினைத்தோம்.

அப்போது அவர் புதிதாகக் கட்டும் ஒரு மாடி வீட்டுக்குப் பூசப் போய்க்கொண்டிருந்தார். சாரத்தில் ஏறக் கூடாது என்று அம்மா கட்டளை போட்டிருந்ததால் தரைமட்டத்து ஹாலும் படிக்கட்டுச் சுவரும் அவர் பங்கு. பூசி, தண்ணீர் விட்டு, காயவிட்டு, ஒரு மாதம் கழித்து அந்த ஹால் மாமாவின் கைக்குப் போனது. அதன் பிறகு ஒருநாள் மாமா நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"என்ன மணல் மாப்ள போட்டே? உன் சுவர்ல ரோஸ் ரோஸா பொட்டு வருது. சின்னச் சின்னதா பொரிஞ்சு நிக்குது. பட்டி வெச்சாலும் மேல ஊறி வருது. வெள்ளையடிச்ச சுவருக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கு."

அப்பா சாப்பாட்டுத் தட்டை விட்டு நிமிரவில்லை. "செங்கல் தூள் விழுந்திருக்கும்" என்றார்.

"செங்கல் தூள் இவ்வளவு அழகா வட்டமா விழுமா?"

"சுரண்டிட்டு அடி. உன் வேலையே அதுதானே."

ரசமட்டம் பூசிய சுவரில் குறை என்றால் ஒரு வாரத்துக்குச் சண்டை நடக்கும். அன்று சண்டையே வரவில்லை. அதை யாரும் யோசிக்கவில்லை, நானும்தான்.

மூன்று மாதம் முடிந்து படத்துக்குப் போன அன்று அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டார். மாமாவும் கூட வந்தார். "உன் மார்க்கு எனக்குத் தெரிய வேண்டாமா?" என்றார். அம்மா, மாமா, நான் மூன்று பேரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வழக்கமாக அரை மணி நேரம். அன்று ஒரு மணி நேரம் ஆனது. படக்காரக்கா வெளியே வந்து எங்களைப் பார்க்காமல் வேகமாகப் போய் இன்னொரு டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிறகுதான் எங்கள் டாக்டர் வெளியே வந்து நான் முதலில் சொன்ன கேள்வியைக் கேட்டார்.

மூடாத கம்பிகளில் ஒரு ரத்தக் கட்டி பிடித்திருந்தது. குழாயை இன்னும் அடைக்கவில்லை. இரண்டு மாத்திரையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கு இப்படி ஆவது அபூர்வம் என்று டாக்டர் சொன்னார்.

அம்மா அட்டைகளை வைத்து வாதாடிக்கொண்டிருந்தாள். "தினமும் காலையில அட்டையைப் பார்ப்பேன் டாக்டர். ஒண்ணு குறைஞ்சிருக்கும். அவரே எடுத்துக்குவார்."

அப்போது மாமா எழுந்து வந்தார். அட்டைகளில் கடைசி ஒன்று மட்டும் பாதிதான் தீர்ந்திருந்தது. அதை வாங்கி ஒரு மாத்திரையைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்தார். ரோஸ் நிறம், சின்ன வட்டம். அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலில் கொஞ்சம் எச்சில் தொட்டு மாத்திரை மேல் தேய்த்தார். விரல் ரோஸ் ஆனது.

"ஐயோ" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

அப்பாவைப் பக்கத்து அறையில் படுக்க வைத்திருந்தார்கள். கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. மாமா உள்ளே போய் அவர் தலைமாட்டில் நின்றார். நானும் அம்மாவும் பின்னால் போனோம்.

"மாப்ள, ஹால் சுவர்ல எத்தனை இருக்கு?"

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"தூங்குற மாதிரி நடிக்காதே. எத்தனை?"

"ஹால்ல முப்பத்தொண்ணு" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமலே. "பாக்கி படிக்கட்டுச் சுவர்ல."

"என்ன முப்பத்தொண்ணு?" என்று அம்மா கேட்டாள். மாமா அந்த ஒற்றை மாத்திரையை அவளிடம் நீட்டினார். அவளுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் அவள் அழவில்லை. ஒன்பது அட்டைகளையும் கட்டோடு எடுத்து அப்பாவின் மேல் போட்டாள்.

"இந்தாங்க. இதையும் கொண்டு போய்ப் பூசுங்க."

பிறகு டாக்டர் முன்னால் அப்பா எல்லாவற்றையும் சொன்னார். அவர் கணக்கு இதுதான். ரோஸ் மாத்திரை ரத்தத்தைத் தண்ணியாக்கும் என்று வார்டில் யாரோ சொன்னதைக் கேட்டிருக்கிறார். கலவையில் தண்ணி அதிகமானால் பூச்சு பிடிக்காது, வழிந்து இறங்கிவிடும். அது அவருக்கு முப்பது வருட அனுபவத்தில் தெரிந்தது. மாமாவுக்கு ரோஸ் மாத்திரை இல்லை, அவர் ரத்தம் கெட்டி, அதனால் கம்பி மேல் பூச்சு நிற்கிறது. தனக்குத் தண்ணி கூடிவிட்டது, அதனால் நிற்கவில்லை. தண்ணியைக் குறைத்தால் அடுத்த படத்தில் மச்சானைத் தாண்டிவிடலாம்.

"அவருக்கு மூடினதுக்கு அப்புறம்தானே நான் மாத்திரையை நிறுத்தச் சொன்னேன்? நிறுத்தினதால மூடலையே" என்றார் டாக்டர்.

அந்த ஒன்று அப்பாவுக்குத் தோன்றவே இல்லை.

"சரி, வேண்டாம்னு தோணினா தூக்கி எறியலாம். சுவருக்குள்ள ஏன்?"

"வீட்டுல போட்டா இவ கண்டுபிடிச்சிடுவா. வேலை நடக்கிற இடத்துல கீழ போட்டா, அங்க சின்னப் பிள்ளைங்க விளையாடுது, எடுத்து வாயில போட்டுக்கும். கையில கரணையும் கலவையும் இருந்தது. சுவருக்குள்ள போனா யாருக்கும் ஆபத்து இல்லையே டாக்டர்."

"உங்களைத் தவிர."

அப்பா அப்போதும் முழுதாக நம்பவில்லை. படக்காரக்காவிடம், "கட்டின்னு சொல்றீங்க. அது பூச்சு தடிப்பா பிடிச்சதா இருக்கக் கூடாதா?" என்று கேட்டார். படக்காரக்கா சக்கர நாற்காலியைத் தள்ளி அவரைத் திரைக்கு முன்னால் கொண்டு வந்தார். முதலில் நன்றாக மூடிய ஓர் இடத்தைக் காட்டினார். புள்ளிகளின் மேல் ஒரே சீராக மெல்லிய கோடு ஓடியது. பிறகு கட்டி இருந்த இடம். வெறும் கம்பியிலிருந்து ஒழுங்கில்லாத ஒரு பிசிறு குழாயின் நடுவை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது.

அப்பா நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். சுவரைப் பார்க்கிற மாதிரியே பார்த்தார்.

"இது பூச்சு இல்லை" என்றார். "இது வழிசல். சுவரோட சேரவே இல்லை. தட்டினா விழுந்திடும்."

"விழுந்தா எங்க போகும் தெரியுமா?" என்றார் டாக்டர்.

அப்பா தெரியும் என்று தலையாட்டினார். பிறகு சொன்னார்: "அவனுக்குத் தொண்ணூத்தெட்டுன்னு சொன்னப்ப எனக்கு நெஞ்சு வலிச்சது டாக்டர். அடைப்பு வந்தப்பகூட அப்படி வலிக்கலை."

மாமா கதவருகே நின்றுகொண்டிருந்தார். ஒரு வருடத்துக்குப் போதுமான கிண்டல் அவர் கையில் கிடைத்திருந்தது. ஆனால் அவர் கைப்பேசியை எடுத்து, படத்தைத் தேடி அழித்தார். "இருந்த இடம் தெரியாம போச்சு, விடு" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். மாமாவால் முடியவில்லை. "அந்தச் சுவரைக் கொத்திட்டுத் திரும்பப் பூச வேற ஆள் பார்த்துக்கிறேன்" என்றார்.

"எவனும் கை வைக்கக் கூடாது!" என்று அப்பா நாற்காலியிலிருந்தே கத்தினார். "நான் வந்து பூசுவேன்."

ஐந்து நாள் அங்கேயே வைத்திருந்து மருந்து ஏற்றினார்கள். அந்த ஐந்து நாளும் எப்போது அந்தப் பிசிறு உடைந்து ஓடுமோ என்று அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஓடவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு ரோஸ் மாத்திரையை அம்மாவே அவர் வாயில் போட்டு, தண்ணீர் கொடுத்து, வாயைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்தாள். அப்பா நாக்கைத் தூக்கிக் காட்டினார்.

மூன்றாவது படம் போன மாதம் எடுத்தார்கள். கட்டி கரைந்துவிட்டது. தொண்ணூற்று மூன்று. இன்னும் ஏழு கம்பி வெறுமனே இருக்கிறது, அதனால் மாத்திரை இரண்டும் தொடர்கிறது. மார்க்கைக் கேட்டதும் அப்பா, "மச்சானுக்கு இப்ப எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டார். படக்காரக்கா சிரித்துவிட்டு, "அவருக்கு இனிமே படமே கிடையாது. ஒரு தடவையோட முடிஞ்சது" என்றார்.

அதை அப்பா டீக்கடையில் போய்ச் சொன்னார். "எனக்கு மூணு தடவை எடுத்தாங்க. மூணு டாக்டருங்க சேர்ந்து பார்த்தாங்க. மச்சானுக்கு ஒண்ணே ஒண்ணுதான்."

அன்று மாலை மாமா எங்கள் வீட்டில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, முகம் வாடி, "உனக்கு மட்டும் எதுக்குடா மாப்ள மூணு?" என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார்.

இந்தப் பொறாமை இவர்களை விட்டுப் போகாது. போகட்டும் என்று நானும் காத்திருக்கவில்லை. அப்பா உயிரோடு உட்கார்ந்து பொறாமைப்பட்டால் எங்களுக்குப் போதும். ஆனால் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இதயத்தில் கம்பி வைத்துக்கொண்டவர் ஒருவர் இருப்பார். அவருக்கும் ஒரு மச்சான் இருப்பார், அல்லது ஒரு கூட்டாளி, அல்லது பக்கத்துக் கட்டில்காரர். இன்னொருவருக்கு நிறுத்தியதைப் பார்த்துத் தன் மாத்திரையை நிறுத்தலாமா என்று அவர் யாரிடமும் சொல்லாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கலாம். தயவுசெய்து இந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் வாசித்துக் காட்டுங்கள். சிரிப்பார், சிரிக்கட்டும். பிறகு, அன்றைய மாத்திரையைப் போட்டாரா என்று மட்டும் கேளுங்கள். போட்டேன் என்று அவர் சொன்னால், இதை இன்னொருவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.